படியளப்போரும் படி கேட்போரும்: சமுதாய அரங்கின் உரிமை பற்றி ஒரு திறனாய்வு

போடிநாயக்கனூரை அடுத்து, ஏலமலைச் சரிவின் அடிவாரத்தில் அமைந்த ஊர் சிலமலை. அவ்வட்டாரத்து ஊர்களிலிருந்து இருள் பிரியுமுன்னரே ஜீப்புகள் புறப்படுகின்றன. ஏலத்தோட்டக் கூலி வேலைக்குச் செல்வோரை ஏற்றிக்கொண்டு அவை போடிமெட்டு வழியாகக் கேரள எல்லையைக் கடந்து, பொழுது சாயும் வேளையில் திரும்புகின்றன. இம்மக்கள் தம் ஊர்த் திருவிழாவில் இரவு 10 மணியளவில் தொடங்கி விடியும்வரை நடைபெறும் நாடகத்தை முழுவதும் காண விரும்பினால், மறுநாள் ஜீப்பு அவர்களை விட்டுச் செல்லும். நாடகத்திற்கு நுழைவுச்சீட்டு இல்லை. ஆயினும் ஒரு நாள் கூலியை இழந்தே அவர்கள் அதைக் காண்கின்றனர். விழாக் கணக்கில் இத்தொகை எழுதப்படுவதில்லை. கலையைத் தாங்குவோர் யாவர் என்னும் வினாவைக் கணக்கில் ஏறாத இந்தக் கூலியிலிருந்து தொடங்குவதே முறை என எண்ணுகிறோம்.

கலைக்குரிய பொதுப்பணம் குறைவதும் நிற்பதும் இன்று பல நாடுகளில் பேசப்படும் செய்தி. 2025 மே மாதத்தில் அமெரிக்க நாட்டின் தேசியக் கலை நிதியம், தான் முன்னரே அறிவித்திருந்த நல்கைகள் பலவற்றை ரத்துச் செய்தபோது, சிறிய நாடகக் குழுக்கள் பல திகைத்து நின்றன. நமக்கும் இது புதிதன்று. 2007இல் தொடங்கப்பெற்று, நாட்டுப்புறக் கலைஞரைத் தலைநகரின் பூங்காக்களிலும் தெருக்களிலும் ஆடச் செய்த ‘சென்னை சங்கமம்’, 2011இல் ஆட்சி மாறியபின் நின்றது. மீண்டும் 2023 ஜனவரியில்தான் அது உயிர்பெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் பறையும் கரகமும் தம் தகுதியை இழந்துவிடவில்லை. படியளந்த கை மாறியது, அவ்வளவே.

‘படியளத்தல்’ என்பது நம் மொழியில் உணவளித்துக் காப்பதைக் குறிக்கும். கடவுளையே படியளப்பவர் என்கிறோம். நாடக உலகில் ‘படி’ என்பதற்கு வேறொரு பொருளும் உண்டு. அது, அரங்கேறுமுன் அதிகாரியின் பார்வைக்கு வைக்கவேண்டிய எழுத்துப்படி. படியளப்போர் படி கேட்போராக மாறும் இடத்தில்தான் கலைஞனின் உரிமை சோதிக்கப்படுகிறது. ஊர், அரசு, திருச்சபை ஆகிய மூவரும் நம் நாட்டில் படியளந்துள்ளனர். மூவரும் படி கேட்டும் உள்ளனர். இம்மூவரையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊர்வரியால் வாழ்ந்த அரங்கு

மதுரைச் சீமையில் ‘ஸ்பெஷல் நாடகம்’ எனப்படும் அரங்கு, சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) நாடகங்களை முதலாகக் கொண்டது. இதற்கென நிலையான குழு இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூன் மற்றோர் ஊரிலிருந்தும் வருவர். ஒத்திகையின்றியே மேடையில் ஒன்றுகூடுவர். கதையும் பாட்டும் அனைவருக்கும் தெரிந்தவை. உரையாடல்களோ அன்றிரவு அங்கேயே பிறப்பவை. ஊரார் வீட்டுக்கு வீடு தண்டும் தலைக்கட்டு வரியே இந்நாடகங்களுக்குப் பெரிதும் முதல். அரசின் நல்கை என்ற சொல் பிறப்பதற்கு முன்னரே, நம் சிற்றூர்களில் கலைக்கு ஒரு பொதுநிதி இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்வரங்கின் வலிமை அதன் எழுதப்படாத பகுதியில் உள்ளது. 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டம் அரசுக்கு எதிரான நாடகங்களைத் தடுக்க எழுந்தது. ஆனால் எழுதிவைக்காத சொல்லை எவ்வாறு முன்கூட்டித் தடுப்பது? சிவகாசியில் பிறந்த நடிகர் விசுவநாத தாஸ் (1886–1940) வள்ளி திருமணக் கதையில் தினைப்புனத்துப் பறவைகளை விரட்டும் இடத்தைத் தமக்கு வாய்ப்பாக்கிக்கொண்டார். வெள்ளைக் கொக்குகளைப் பற்றி அவர் பாடியபோது, எந்த வெள்ளையரைச் சொல்கிறார் என்பதை மக்கள் அறிந்துகொண்டனர். அவர் பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் நீத்தார். ஊர்வரி அவருக்குப் படியளந்தது, எழுத்துப்படி கேட்கவில்லை. அந்த இடைவெளியில்தான் அவர் குரல் எழுந்தது.

இத்துடன் நின்றுவிட்டால் ஊர்வரியைப் புகழ்ந்து கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் திறனாய்வு அங்கே நிற்க இயலாது. மருத்துவர் என்றும் நாவிதர் என்றும் அழைக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர் என்பதற்காக விசுவநாத தாசுடன் நடிக்க மறுத்த நடிகையரும் அக்காலத்தில் இருந்தனர். அயல் ஆட்சியின் தடையைத் தாண்டிய மேடை, சாதியின் தடையைத் தாண்டத் தயங்கியது. தலைக்கட்டு என்று எவரை எண்ணினர், எவரை எண்ணாது விட்டனர் என்று கேட்டால், ஊர்வரியின் ‘ஊர்’ எது என்பது வெளிப்படும். வரி கேட்கப்படாமை சலுகையன்று. ‘நீ ஊரைச் சேர்ந்தவன் அல்லன்’ என்ற தீர்ப்பே அது.

அரிச்சந்திர நாடகத்தின் மயான காண்டத்தை நோக்குவோம். நாடிழந்த மன்னன் சுடலை காக்கும் அடிமையாகி, தன் மகனின் பிணத்தோடு வந்த மனைவியிடமே முழத்துண்டும் கால்பணமும் வாய்க்கரிசியும் கேட்கிறான். ஊரே அழுகிறது. அந்த அழுகை எவருக்காக? மன்னன் சுடலைக்கு வந்ததற்காக அழுவோர், தலைமுறை தலைமுறையாகச் சுடலையிலேயே நிறுத்தப்பட்டவனுக்காக அழுவதில்லை. கதை முடிவில் மன்னனுக்கு அரியணை மீள்கிறது. சுடலை காப்பவனுக்கோ சுடலையே மீள்கிறது. நடிகர்களின் திறமைக்கு இதில் குறையில்லை. ஆனால் வரி கொடுப்போரின் கண்ணீர் எங்கே நிற்குமோ அங்கேயே நாடகமும் நின்றுவிடுகிறது. படி கேட்காமலே படியளப்போர் தம் எல்லையை இவ்வாறு வகுத்துவிட முடியும்.

பறையடிப்போரின் நிலை இதனினும் கொடிது. பிணத்தின்முன் பறையடிப்பதும் சாட்டு அறிவிப்பதும் அவர்களுக்கு விதிக்கப்பட்ட ஊழியமாக இருந்தன. ஊர் அவர்களுக்கு நெல்லளந்தது உண்மையே. ஆனால் ‘அடிக்கமாட்டேன்’ என்று சொல்லும் உரிமையை அளிக்கவில்லை. எனவே, பறையைக் கீழே வைத்து அந்த நெல்லை மறுத்த நாளே அக்கலைஞரின் விடுதலை நாளாயிற்று. கலைக்கான பழைய ஆதரவு நின்றுபோவது எல்லோருக்கும் இழப்பு என்று பொதுப்படச் சொல்வோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1989இல் போடி வட்டாரம் சாதிக் கலவரத்தில் எரிந்ததை நம் ஆயர்கள் பலர் அறிவர். எல்லோரும் ஒருங்கே அமரும் அரங்கு என்பது அம்மண்ணில் வெறும் பொழுதுபோக்குச் செய்தியன்று.

அரசுப் பணமும் அதன் விலையும்

ஊருக்கு அப்பாலுள்ள பொதுப்பணம் இக்குறையை நீக்கவல்லது என்ற நம்பிக்கை நியாயமானதே. அரசின் பணம் சாதி பார்த்துத் தண்டப்படுவதன்று. தோட்டக் கூலி வாங்கும் சோப்பிலும் அவரது வரி அடங்கியுள்ளது. 1988இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் கீழ், தமிழ்நாட்டு மாவட்டங்கள் பலவற்றில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பரவியபோது, கலைக்குழுக்கள் தெருமுனைகளில் நாடகம் நடத்தின. மேடையும் திரையும் இன்றி, சேரியிலும் ஊரிலும் ஒரே நாடகம் ஒரே வகையில் ஆடப்பட்டது. முன்னர் தலைக்கட்டில் எண்ணப்படாதோர் இங்கே பார்வையாளராக மட்டுமன்றி நடிகராகவும் நின்றனர். தமிழ் அரங்கின் வரலாற்றில் இது சிறிய செய்தியன்று.

எனினும் அதே இயக்கம் ஆந்திர மாநிலத்து நெல்லூர் மாவட்டத்தில் எதிர்கொண்டதை நினைவுகூர்தல் தகும். எழுத்தறிவுப் பாடநூலில் வந்த கதைகளைப் படித்தும் பேசியும் விழிப்புற்ற பெண்கள், 1992இல் தூபகுண்டாவிலும் பிற ஊர்களிலும் சாராயக் கடைகளுக்கு எதிராகத் திரண்டனர். எழுத்தைக் கற்பிக்கப் பணம் தந்த அரசே சாராய வருவாயையும் எதிர்பார்த்திருந்தது. கற்ற எழுத்து தன் வருவாயைத் தொட்டபோது அரசின் உற்சாகம் தணிந்தது. மக்களின் போராட்டம் வென்று, 1993 அக்டோபரில் அங்கே சாராயம் தடைசெய்யப்பட்டது. நம் மாநிலத்திலோ, 2015 அக்டோபரில் அரசு மதுக்கடைகளை எதிர்த்துப் பாடிய மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன் தேசத்துரோக வழக்கில் கைது செய்யப்பட்டார். கல்வி, சுகாதாரம், சேமிப்பு ஆகியவற்றைப் பற்றிப் பாடும்வரை நாட்டுப்புறப் பாடல் ‘விழிப்புணர்வு’ எனப்படும். அரசின் கல்லாப் பெட்டியைப் பற்றிப் பாடினால் அது குற்றமாகும்.

படி கேட்கும் சட்டமும் நம்மோடு நெடுங்காலம் இருந்தது. அயலார் போனபின்னும் 1954இல் சென்னை மாநிலம் தனக்கென ஒரு நாடகச் சட்டத்தை இயற்றிக்கொண்டது. எம். ஆர். ராதாவின் இராமாயண நாடகத்துக்கு எழுந்த எதிர்ப்பே அதன் பின்னணி என்பது பரவலாக அறியப்பட்டது. பரீக்ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை அரசியலமைப்புக்கு முரணானவை என 2013 ஜனவரியில் தீர்ப்பளித்தது. இது பெரும் வெற்றியே. ஆயினும் சிற்றூர் நாடகக்காரர் இன்றும் காவல் நிலையத்தின் வாயிலில் நிற்கவேண்டியுள்ளது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல், அதுவும் நள்ளிரவுவரைதான் விலக்கு அளிக்கலாம். நோயாளியின் உறக்கத்தைக் காக்கும் இவ்விதியை நாம் பழிக்கவில்லை. ஆனால் விடியும்வரை நிகழும் நாடகம் இதனால் அதிகாரியின் மனநிலைக்கு உட்பட்டதாகிவிட்டது.

அரசின் பணத்திற்கு இன்னொரு விலையும் உண்டு. சங்கீத நாடக அகாதெமி 1984முதல் சுமார் பத்தாண்டுகள் இளம் நெறியாளர்களுக்கு உதவி வழங்கியது. நாட்டுப்புற வடிவங்களைக் கையாளும் நாடகங்களை அது ஊக்குவித்தது. நல்ல நாடகங்கள் சில பிறந்தன. ஆயினும் கூத்தின் அடவும் பாட்டும் நகரத்து விழா மேடையை அடைந்த அளவுக்குக் கூத்தாடியின் வாழ்க்கை அங்கே சென்றடையவில்லை. எதைச் சொல்வது என்பதை அரசு கட்டளையிடவில்லை. எந்த வடிவில் சொன்னால் பணம் வரும் என்பதை அறிவித்தது. அடக்குமுறையினும் மென்மையான இம்முறையைக் கலைஞர் எளிதில் உணர்வதில்லை.

அப்படியாயின் அரசுப் பணமே வேண்டாம் என்று ஒதுங்கிவிடலாமா? அதுவும் விடையாகாது. 1989 ஜனவரி முதல் நாளில், தில்லிக்கு அருகே சாகிபாபாத் தொழிலாளர் குடியிருப்பில் தெருநாடகம் நிகழ்த்திய சஃப்தர் ஹாஷ்மி தாக்கப்பட்டு மறுநாள் உயிரிழந்தார். பணம் வாங்காத அரங்கையும் தடியால் அடக்குவோர் உள்ளனர். அவருடைய குழுவினர் நான்காம் நாள் அதே இடத்திற்குத் திரும்பி, நின்றுபோன நாடகத்தை ஆடி முடித்தனர். அமெரிக்காவில் 1935இல் அரசு தொடங்கிய மத்திய அரங்கத் திட்டம், வேலையிழந்த நாடகக் கலைஞர் ஆயிரக்கணக்கானோருக்கு ஊதியம் தந்தது. 1937 ஜூனில் தொழிற்சங்கப் போராட்டம் பற்றிய இசை நாடகம் ஒன்று அரங்கேறுமுன் கொட்டகை பூட்டப்பட்டது. குழுவினரும் மக்களும் வேறு கொட்டகைக்கு நடந்து சென்றனர். மேடையேறத் தடையிருந்தமையால் நடிகர்கள் பார்வையாளர் இருக்கைகளிலிருந்தே எழுந்து பாடினர். இரண்டாண்டு கழித்து, 1939இல், அந்நாட்டுச் சட்டமன்றம் திட்டத்தின் நிதியையே நிறுத்தியது. கொட்டகையைப் பூட்டியபோது பாட்டு நிற்கவில்லை. நிதி நின்றபோதோ ஆயிரக்கணக்கானோர் வேறு பிழைப்புத் தேடிப் போயினர். பொதுப்பணத்தின் இழப்பு உண்மையான இழப்பே என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

திருச்சபையின் கணக்கு

ஊரையும் அரசையும் குறை கூறியபின் நம் வீட்டுக் கணக்கைப் பார்க்காதிருத்தல் நேர்மையாகாது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை (1774–1864) அறியாத தமிழ்ச் சபையார் இலர். குறவஞ்சி என்னும் மக்கள் வடிவத்தில் பெத்லகேமின் செய்தியைப் பாடியவர் அவர். சரபோஜி அரசர் வேறு தெய்வத்தைப் பாடக் கேட்டபோது அவர் மறுத்தார் என்ற செய்தியைப் பெருமிதத்தோடு நாம் சொல்லி வருகிறோம். அரசனிடம் அவர் காட்டிய உறுதி போற்றத்தக்கதே. ஆனால் அவர் குரலை ஒடுக்க முயன்றவர் அரசர் அல்லர் என்பதை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிமாருக்கும் அவருக்கும் பூசல் எழுந்தது. வேதாகமத்தின் புதிய மொழிபெயர்ப்பு, திருவிருந்தில் சாதி வேறுபாட்டை விலக்கல், விழாக்களில் பூக்களை விலக்கல், ஆராதனையில் தமிழ்க் கீர்த்தனைகளை விலக்கல் ஆகிய நான்கையும் அவர் கொடுமைகளாக எண்ணி எழுதினார். சபையில் அவருக்கிருந்த இடம் போயிற்று. பிற சமயத்தவரான அரசரின் அவையே அந்நாள்களில் அவருக்கு ஆதரவாயிற்று. 1832இல் அரசரும் மறைந்தார்.

இவ்வழக்கில் எவர் பக்கம் நீதி? இருசாரார் பக்கமும் முழுமையாக நிற்க நம்மால் இயலாது. சாஸ்திரியார் நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டினார். மிஷனரிமாரும் அவ்வாறே கட்டினர். நாம் அம்மூட்டையை அவிழ்க்கக் கடமைப்பட்டுள்ளோம். கர்த்தரின் பந்தியில் சாதிக்கொரு வரிசை கூடாது என்றது சரி. பாட்டை நிறுத்தியது தவறு. பந்தியில் ஒருவனை ஒதுக்குவது அவன்மீது இழைக்கும் தீங்கு. அதைத் தடுக்கச் சபைக்கு அதிகாரம் உண்டு. பாட்டில் ஒருவர் பிழை பாடினால் அதற்கு மறுமொழி வேறொரு பாட்டு. கலைஞனின் உரிமையைக் காப்பது அவன் சொல்வதெல்லாம் அறம் என்று ஏற்பதாகாது. சாஸ்திரியார் பெரும்புலவர், சாதியை வேண்டியவர், இரண்டும் உண்மை. அவர் வாயை மூடியதால் சாதி ஒழிந்துவிடவில்லை என்பதும் உண்மை.

அம்மறுபாட்டு வர ஏறத்தாழ 150 ஆண்டுகள் சென்றன. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஜே. தியாபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என மாணவரால் அழைக்கப்பெற்றவர், நாட்டுப்புற இசையையும் பறையையும் ஆராதனைக்குள் கொணர்ந்தார். கட்டாய ஊழியமாகக் கீழே வைக்கப்பட்ட பறை, விரும்பி எடுக்கப்பட்ட கருவியாக மீண்டது. ஒரே உலையில் பொங்கி அனைவரும் உண்ணும் வழக்கத்தை அவர் தம் இறையியலின் உருவகமாக்கினார். 2005இல் அவர் மறைந்தார். அவரிடம் நாம் கற்கவேண்டியது மற்றொன்றும் உண்டு. தாம் இயற்றிய பாடலையும் மக்கள் தம் தேவைக்கேற்ப மாற்றிப் பாடலாம் என்று அவர் கருதினார். தம் படைப்புக்கும் அவர் எழுத்துப்படியின் அதிகாரத்தைக் கோரவில்லை.

இன்று நம் சேகரங்களில் நிகழ்வது என்ன? கிறிஸ்துமஸ் நாடகத்தின் எழுத்துப்படியைக் குழு பார்க்கிறது. ஏரோது மன்னனைத் திட்டலாம்; நிலத்தகராற்றில் வல்லவர் பக்கம் சாய்ந்த மூப்பரைச் சாயலாகவும் காட்டலாகாது. ஒருகாலத்தில் வெளிநாட்டு உதவியால் சமூகப்பணி நிறுவனங்கள் சிறு கலைக்குழுக்களுக்குப் பணம் பகிர்ந்தளித்தன. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்திற்கு 2020இல் வந்த திருத்தம், அவ்வாறு பெற்ற பணத்தை வேறு அமைப்புகளுக்கு மாற்றித் தருவதைத் தடுத்துவிட்டது. அவ்வழியும் அடைபட்டபின், ‘எங்களிடம் நிதி இல்லை’ என்று சொல்வது நமக்கு எளிதாகிவிட்டது.

பெத்தேலும் எருசலேமும்

ஆமோஸைத் துரத்தியவன் அரசன் அல்லன். அமத்சியா என்னும் ஆசாரியன். பெத்தேல் அரசனுடைய பரிசுத்த ஸ்தலம் என்பது அவன் காட்டிய காரணம். பிழைப்புக்கு யூதா தேசம் போ என்பது அவன் சொன்ன வழி. படியளப்போன் பெயரால் படி கேட்கும் தொழிலை அரசனுக்காக ஆசாரியன் செய்தான். ஆமோஸோ தான் தீர்க்கதரிசனத்தால் பிழைப்பவன் அல்லன், ஆடுமாடு மேய்த்து அத்திப்பழம் பொறுக்குபவன் என்று மறுமொழி கூறினான். இவ்விடத்தில் நம்மில் எவர் ஆமோஸ், எவர் அமத்சியா என்று ஆயர்களாகிய நாம் நம்மையே கேட்டுக்கொள்ளுதல் நலம்.

எருசலேமில் நிகழ்ந்தது வேறு. அரண்மனைக்குள் நடமாடிய நாத்தான், ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியின் கதையைத் தாவீதுக்குச் சொன்னான். அரசன் கதைக்குள் நடுவனாகப் புகுந்து, குற்றவாளியாக வெளிப்பட்டான். நாத்தான் தன் கதையின் படியை முன்கூட்டி அவனிடம் காட்டியிருந்தால் அது நிகழ்ந்திராது. கதைக்குப்பின் நாத்தான் துரத்தப்படவும் இல்லை. படியளப்போன் தன்னைக் கண்டிக்கும் கதையைக் கேட்டு, அதன்பின்னும் கதை சொன்னவனைத் தன் அருகில் வைத்துக்கொள்வானாயின், அங்கேதான் ஆதரவும் உரிமையும் ஒருங்கே வாழ்கின்றன.

இதிலிருந்து நமக்குச் சில கடன்கள் பிறக்கின்றன. கலைக்கான பொதுப்பணத்தை அரசிடம் சலுகையாக அன்று, மக்களின் வரிப்பணத்தில் மக்களுக்குள்ள பங்காகக் கேட்டல் வேண்டும்; ஆட்சி மாறினாலும் மாறாத விதிகளின்படி அது வழங்கப்பட வேண்டும். அரசு கைவிட்டதைத் திருச்சபை பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி அரசின் பொறுப்பை நாமே கழித்துவிடலாகாது. அதே வேளையில் நம்மிடம் உள்ளவற்றை நாம் மூடி வைத்திருத்தலும் ஆகாது. பள்ளிக் கூடமும் ஆலய வளாகமும் மாலை வேளைகளில் வெறுமனே கிடக்கின்றன. ஊரின் எல்லாத் தெருக்களிலிருந்தும் வந்து ஒத்திகை பார்ப்போருக்கு, சமயம் கேளாமல், எழுத்துப்படி கேளாமல் அவற்றைத் திறந்துவிடலாம்.

பணத்துக்கும் ஒரு வழி நம் வழக்கத்திலேயே உள்ளது. உலையில் அரிசி இடுமுன் ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இடும் கைப்பிடி அரிசிக் காணிக்கையை நம் சபைப் பெண்கள் தலைமுறைகளாகச் செய்து வருகின்றனர். ஆண்டில் ஒரு மாதத்து அரிசியை ஊரின் அரங்கிற்கென ஒதுக்குவது எந்தச் சேகரத்துக்கும் இயலாததன்று. பெருங்கொடையாளர் ஒருவர் படி கேட்கலாம். நூறு கைப்பிடிகள் சேர்ந்த அரிசியில் எது எவருடையது என்று பிரித்தறிய இயலாது. ஆகையால் அதைக் கொடுத்தவர் எவரும் தனித்துப் படி கேட்க இயலாது. தலைக்கட்டில் எண்ணப்படாத வீட்டின் கைப்பிடியும் அதில் உண்டு. அவ்வரிசியால் நடைபெறும் நாடகத்தில் சுடலை காப்பவனுக்காக ஊர் அழுமா என்பதை முன்கூட்டி அறிய இயலாது. அழவைக்கும் ஒரு நாடகம் பிறக்க இடம் இருக்கும் என்பது மட்டும் உறுதி. நாடகம் மூப்பரைப் பற்றியதாகவோ நம்மைப் பற்றியதாகவோ அமைந்தால், முன்வரிசையில் அமர்ந்து முடியும்வரை கேட்போமாக. மறுநாள் கூலியை இழந்து பின்வரிசையில் அமர்ந்திருப்போருக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் குறைந்தது அவ்வளவாவது உண்டு.